சிவப்பு டேப் சுற்றிய பிளக்

ராயப்பேட்டை
2 ஜூலை 2024

நீரஜா மேடம் அவர்களுக்கு,

கஃபார் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்து எல்கேஜி பிள்ளை யாரோ எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற ஸ்ரீலக்ஷ்மி அம்மா, "தினம் ஒரு பக்கம் எழுதுங்க பாய், அப்பதான் விரல் மடங்கும்" என்று கட்டளை போட்டுவிட்டார். முதல் வாரம் முழுக்க அ, ஆ எழுதினேன். என் வீட்டுக்காரி கமர் ஜஹான் பார்த்துவிட்டு, "இன்னாங்க, ஸ்கூல்ல சேத்துவுட்டுடட்டா?" என்று சிரித்தாள். எங்கள் வீட்டில் ஒன்றரை மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு அது.

எழுதுவதுதான் எழுதுகிறோம், எழுத வேண்டியதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை. நீங்களும் மே மாதத்துக்குப் பிறகு என் ஃபோனை எடுப்பதில்லை. எடுக்காததில் நியாயம் இருக்கிறது.

மேடம், என்னை மன்னித்துவிடுங்கள்.

நாலு வருஷமாக உங்கள் மந்தைவெளி ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மாக்கல் வகுப்பு நடத்தினோம். நீங்கள் செதுக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள், நான் கல் வெட்டும் மெஷின் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். துப்பட்டாவை வாசல் ஆணியில் மாட்டு, மோதிரத்தைக் கழற்று, வாய்க்கு மாஸ்க் போடு, தண்ணீர் விடாமல் வெட்டாதே, மெஷினை வைத்துவிட்டு ஓரடி நகர்ந்தாலும் பிளக்கைப் பிடுங்கு. இத்தனையும் தொண்டை கிழியக் கத்தியவன் நான். கடைசியில் மே 12ஆம் தேதி நானே பிடுங்கவில்லை.

அன்று இடைவேளையில் எல்லோரும் மோர் குடிக்கப் போனார்கள். நான் பிளேடில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிற பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாய்க்குப் போனேன். போவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கினேன் என்றுதான் என் கைக்கு ஞாபகம். ஆனால் கை பொய் சொல்கிறது. திரும்பி வந்தபோது கரண்ட் இல்லை. பிளேடில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது. கரண்ட் இல்லாத நேரம்தானே என்று மெஷினை இடது கையில் தூக்கி, வலது கையில் துணி வைத்துத் துடைத்தேன். கரண்ட் வந்துவிட்டது. பிளக் மேசைக்குப் பின்னால் போர்டில் சொருகியபடி இருந்தது, மெஷின் ஸ்விட்சும் ஆனில் இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

சிவப்பு டேப் சுற்றிய பிளக் என்னுடையது. மஞ்சள் உங்களுடையது. அதில் சந்தேகமே இல்லை. என் மெஷின், என் தப்பு.

ஆள்காட்டி விரலில் பாதி போய்விட்டது. நடுவிரல் இருக்கிறது, மடங்கவில்லை. அது போகட்டும். அந்தப் பிள்ளைகள் எட்டு பேரும் ரத்தத்தைப் பார்த்தார்கள். மாளவிகா மயங்கி விழுந்தது. உங்கள் ஷெட்டை மூட வேண்டியதாயிற்று. எந்த முகத்தோடு அந்தத் தெருவுக்கு வருவேன்?

கஃபார்


மந்தைவெளி
9 ஜூலை 2024

அன்புள்ள கஃபார் பாய்,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. என் வங்கியில் கையெழுத்துப் போடுகிற பலரை விட எவ்வளவோ தேவலை.

ஃபோன் எடுக்காததற்குக் கோபம் காரணம் இல்லை. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். ஆடிட் வந்தது, அப்புறம் வீட்டில் பெயின்ட் வேலை, அப்புறம் எனக்கே உடம்பு சரியில்லை. ஒன்று மாற்றி ஒன்று. நேரில் வரலாம் என்று ஒரு நாள் ராயப்பேட்டை மணிக்கூண்டு வரை ஆட்டோவில் வந்தேன். அதற்கு மேல் போகாமல் திரும்பிவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

விபத்து என்றால் விபத்துதான். யார் மேல் தப்பு, என்ன தப்பு என்று நோண்டிக்கொண்டே இருந்தால் நமக்குத்தான் மனசு கெட்டுப்போகும். உங்களை இங்கே யாரும் குறை சொல்லவில்லை. வகுப்பு வாட்ஸ்அப்பில் நடந்ததைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். எல்லோரும் உங்கள் உடம்பைத்தான் விசாரித்தார்கள்.

ஆகஸ்டில் வகுப்பை மறுபடி ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். மெஷின் பக்கத்தையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சந்தேகம். மாக்கல் விளக்கில் ஜன்னல் போல வரிசையாகத் துளை போடும்போது மறுபக்கம் கல் பொரிந்து பெரிய சில்லாகத் தெறித்துவிடுகிறது. நீங்கள் போட்டால் அப்படி ஆகாதே, என்ன செய்வீர்கள்?

அன்று காலை நடந்ததில் உங்களிடம் ஒன்று சொல்ல

மேலே ஒரு வரியைப் பாதியில் விட்டிருக்கிறேன். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

எங்கள் வாட்ச்மேன் வேலுவிடம் பங்கனப்பள்ளி ஒரு கூடை கொடுத்தனுப்புகிறேன். சீசன் முடிகிற நேரம், ஆனாலும் நல்ல பழம். கமர் ஜஹான் அக்காவுக்கு என் விசாரிப்பு.

நீரஜா


ராயப்பேட்டை
20 ஜூலை 2024

நீரஜா மேடம் அவர்களுக்கு,

பழம் வந்தது. ஒரு கூடை என்றீர்கள், வேலு இரண்டு கூடை இறக்கினான். நான் தப்பு செய்ததற்கு நீங்கள் மாம்பழம் அனுப்புகிறீர்கள். கமர் ஜஹான் அறுத்துக் கொடுத்ததில் இரண்டு துண்டுக்கு மேல் சாப்பிட முடியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பழம் நல்ல இனிப்பு.

துளை விஷயம். கல்லுக்கு அடியில் வீணான பலகைத் துண்டு ஒன்றை முட்டுக் கொடுங்கள். முக்கால்வாசி இறங்கியதும் நிறுத்திவிட்டு, கல்லைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து துளையுங்கள். சில்லு தெறிக்காது. மாக்கல் வெண்ணெய் மாதிரி இறங்குகிறதே என்று டிரில்லை அழுத்தக் கூடாது. மெதுவான ஓட்டம் போதும். அரை அங்குலத்துக்கு ஒரு தடவை டிரில் பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள், இல்லையென்றால் உள்ளே சிக்கிக் கல்லே சுற்றும். அதனால்தான் கல்லைக் கையால் பிடிக்கவே கூடாது, கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்க வேண்டும். துணிக் கையுறை வேண்டாம், சுற்றுகிற பிட் அதைக் கையோடு இழுத்துக்கொள்ளும். தூள் முகப்பவுடர் மாதிரிதானே இருக்கிறது என்று மாஸ்கைக் கழற்றுவார்கள். விடாதீர்கள். அந்தப் பவுடர் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது.

பாருங்கள், பிறருக்குச் சொல்ல எனக்கு இன்னும் வாய் இருக்கிறது.

வடபழனியில் சினிமா செட் பட்டறை வைத்திருக்கிற சேட்டு போன வாரம் வீட்டுக்கு வந்தான். "பாய், பத்துப் பேரு கீறானுங்க. மெஷினைக் குடுத்தா எவனுக்கும் பயமே இல்ல. நீ கையால ஒண்ணியும் செய்யவாணாம். பாத்துக்கினு இரு, தப்பா புடிச்சா நாலு திட்டு திட்டு, அத்து போதும்" என்றான். கமர் ஜஹான் சமையலறையில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

எப்படிப் போவேன் மேடம்? பிளக்கைப் பிடுங்கினேன் என்று இன்றைக்கும் என் கை சத்தியம் செய்கிறது. அந்தச் சிவப்பு டேப் விரலில் பிசுபிசுத்தது கூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. நடக்காததை நடந்ததாக நினைக்கிற மண்டையை வைத்துக்கொண்டு பத்துப் பேர் உயிருக்குக் காவல் நிற்க முடியுமா? வீட்டிலேயே இப்போது இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா, மிக்ஸியை அணைத்தேனா என்று மூன்று தடவை பார்க்கிறேன். பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன். நேற்று இருவருமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு இரண்டு தடவை திரும்பி வந்தேன். இரண்டாம் தடவை சாவியை நான் கேட்கும் முன்பே கமர் ஜஹான் நீட்டிவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஒன்று செய்கிறேன். நீங்கள் வகுப்பு ஆரம்பிக்கிற அன்று வருகிறேன். எல்லோர் முன்னாலும் நின்று விரலைக் காட்டி, பிளக்கைப் பிடுங்காதவன் கதி இதுதான் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். நூறு தடவை கத்துவதை விட அது நன்றாக மண்டையில் ஏறும். எனக்கும் கொஞ்சம் பாரம் குறையும்.

என்றைக்கு என்று எழுதுங்கள்.

கஃபார்


மந்தைவெளி
27 ஜூலை 2024

கஃபார் பாய்,

நீங்கள் வரக் கூடாது. அப்படி நின்று சொல்லக் கூடாது.

நீங்கள் பிளக்கைப் பிடுங்கினீர்கள். உங்கள் கை பொய் சொல்லவில்லை. திரும்பச் சொருகியது நான்.

இந்த வாக்கியத்தை எழுத இரண்டரை மாதம் ஆகியிருக்கிறது. முழுவதையும் எழுதிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி மாம்பழம் அனுப்பிவிடுவேன்.

அன்று காலை வகுப்பில் நான் வெட்டிக் காட்டிய விளக்கு ஞாபகம் இருக்கிறதா? வாய் கோணிக்கொண்டு போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். குருபிரசாத் மட்டும், "மேம், அது டிசைனா?" என்று கேட்டான். பையன் வெகுளியாகத்தான் கேட்டான். எனக்குச் சுருக்கென்று குத்தியது. அவர்கள் மோர் குடித்துவிட்டு வருவதற்குள் வாயை நேராக்கிவிட வேண்டும் என்று ஷெட்டுக்குள் போனேன். என் மஞ்சள் டேப் மெஷினில் பிளேடு மொக்கை. உங்களுடையதில் புது பிளேடு. பிளக்கை எடுத்துச் சொருகினேன். தண்ணீர் பாட்டில் உங்களிடம் இருந்தது. பரவாயில்லை, இரண்டு நிமிஷம்தானே என்று தண்ணீர் இல்லாமலே வெட்டினேன். பக்கத்து வீட்டில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்த சத்தத்தில் இது யாருக்கும் தனியாகக் கேட்டிருக்காது. பாதியில் கரண்ட் போயிற்று. வெளியிலிருந்து குருபிரசாத், "மேம், இன்வர்ட்டர் எடுக்கலை" என்று கூப்பிட்டான். ஸ்விட்சைப் பின்னுக்குத் தள்ளி அணைக்காமல் மெஷினை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனேன். கரண்ட் போன மெஷின் எனக்கு அணைந்த மெஷினாகத் தெரிந்தது. அப்படி நினைக்கக் கூடாது என்று நீங்கள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்பீர்கள்.

அதன் பிறகு நீங்கள் அலறினீர்கள்.

உங்களை ஆட்டோவில் ஏற்றும்போது மாளவிகா தெளிந்து எழுந்து, அழுதுகொண்டே, "எந்த மெஷின் மேம்? யாரு ஆஃப் பண்ணலை?" என்று கேட்டாள். நான், "சிவப்பு டேப், பாயோட மெஷின்" என்று சொன்னேன். ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை பாருங்கள். வங்கியில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவள், உண்மையான வார்த்தைகளை வைத்தே பொய் சொல்லத் தெரியும். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்த நிமிஷம் எனக்கு மூச்சு வந்தது. உங்கள் ரத்தம் என் சுடிதாரில் ஈரமாக இருந்தது, எனக்கு மூச்சு வந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் என்னையே பிடிக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் எழுதினேன் என்று சொன்னேனே, அந்த இரண்டு வரி இது: "எவ்வளவு அனுபவம் இருந்தாலும் ஒரு நொடி மறதி போதும். கஃபார் பாய்க்காகப் பிரார்த்திப்போம்." பழைய மாணவர்களும் சேர்த்துப் பதினேழு பேர் கைகூப்பிய பொம்மை போட்டார்கள்.

உங்கள் முதல் கடிதத்தில் நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சேட்டுவுக்கு முடியாது என்று சொன்னதைப் படித்த பிறகும் மூன்று நாள் கடத்தினேன். விரலைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. ஞாபகத்தையாவது திருப்பிக் கொடுக்கிறேன். அது உங்களுடையது, சரியாகத்தான் இருந்தது.

என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். போலீசில் சொல்வதானாலும் வருகிறேன்.

நீரஜா


ராயப்பேட்டை
11 ஆகஸ்ட் 2024

நீரஜா மேடம்,

உங்கள் கடிதம் வந்து பதினொரு நாள் ஆகிறது. அத்தனை நாளும் எழுத்துப் பயிற்சி செய்யவில்லை. ஸ்ரீலக்ஷ்மி அம்மா திட்டினார்.

கடிதத்தைக் கமர் ஜஹானிடம் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய், மீதி இருந்த மாம்பழத்தை எல்லாம் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். "அந்தப் பொம்பள நம்ம வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம்.

விரலுக்காக இல்லை. மெஷின் தொழிலில் யாருக்கும் எதுவும் நடக்கலாம். பிளக்கைக் கையில் பிடித்துப் பார்க்காமல் பிளேடைத் தொட்டது என் தப்பு, அது எனக்கு இருக்கட்டும், அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

ஒன்றை மட்டும் கேளுங்கள். அன்று பிளேடில் ஒட்டியிருந்தது காய்ந்த தூள். முதல் கடிதத்திலேயே எழுதினேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் தண்ணீர் விடாமல் வெட்டுவதே கிடையாது. என் பிளேடில் சேறுதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே இது எனக்குப் பட்டது. யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஆனால் இடைவேளையில் ஷெட்டுக்குள் போகக்கூடியவர் என்னை விட்டால் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் எடுத்திருந்தால் சொல்லியிருப்பீர்களே என்று அந்த யோசனையையே தூக்கிப் போட்டேன். மூளை குழம்பியது எனக்குத்தான் என்று முடிவு செய்தேன். என் கண்ணால் பார்த்ததை நம்பவில்லை மேடம். உங்களை நம்பினேன்.

போலீசெல்லாம் வேண்டாம். நான் நிற்கிறேன் என்று சொன்ன இடத்தில் நீங்கள் நில்லுங்கள். அதே எட்டுப் பேர் முன்னால். சிவப்பு டேப், மஞ்சள் டேப் என்று சுற்றி வளைக்காமல், "நான்" என்று ஆரம்பியுங்கள்.

அ. கஃபார்


மந்தைவெளி
18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

கஃபார் பாய்,

இன்று சொன்னேன்.

எட்டுப் பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு வரச் சொல்லியிருந்தேன். ஏழு பேர் வந்தார்கள். ஒருத்தி பெங்களூர் போய்விட்டாள், அவளுக்கு ஃபோனில் சொன்னேன். நேற்று ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். அதில் முதல் வரி "ஒரு துரதிர்ஷ்டமான சூழ்நிலையில்" என்று இருந்தது. கிழித்துப் போட்டேன். "நான்" என்று ஆரம்பித்தேன்.

நான் சொருகினேன், நான் அணைக்கவில்லை, நான் உங்களிடம் பொய் சொன்னேன். இந்த மூன்றையும் சொல்ல அரை நிமிஷம் கூட ஆகவில்லை. வெளியே குக்கர் விசில் கேட்டது. கால் நகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐம்பது வயதில் பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்த மாதிரி.

மாளவிகாதான் முதலில் வாய் திறந்தாள். "மேம், நான் எங்க ஆபீஸ் ட்ரெய்னிங்ல பாய் கதையை எக்ஸாம்பிளா சொன்னேன். அறுபது பேர் கேட்டாங்க. இப்ப அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?" என்றாள். என் பெயரைச் சொல், என்றேன். சொல்கிறேன் என்றாள், சிரிக்காமல். குருபிரசாத், "அந்த விளக்கைப் பத்தி நான் கேக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தான். அதை முடிக்க விடவில்லை. இன்னொருவர் தலையில் கொஞ்சமாவது இறக்கி வைக்க எனக்கு வழி கிடைத்துவிடப் போகிறதே என்று பயந்தேன்.

இரண்டு பேர் இனி வர மாட்டோம் என்று எழுந்து போனார்கள். துப்பட்டாவை ஆணியிலிருந்து எடுக்கும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

வாட்ஸ்அப்பிலும் எழுதிவிட்டேன். இந்தத் தடவை யாரும் பொம்மை போடவில்லை.

இரண்டு மெஷினுக்கும் கரண்ட் போய்த் திரும்பினால் தானாக ஓடாத ஸ்விட்ச் போட்டிருக்கிறேன். போர்டைக் கண்ணெதிரே சுவரில் மாற்றிவிட்டேன். முன்பே செய்யச் சொல்லி நீங்கள் நச்சரித்தது. இதையெல்லாம் நல்ல பெயருக்காகச் சொல்லவில்லை. செய்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

சிவப்பு டேப் மெஷின் ஷெட்டில் இருக்கிறது. இனி அதை நான் தொட மாட்டேன்.

என்னை மன்னியுங்கள் என்று கேட்கிறேன். உடனே பதில் வேண்டாம்.

நீரஜா


ராயப்பேட்டை
2 செப்டம்பர் 2024

நீரஜா மேடம் அவர்களுக்கு,

போன வாரம் மாளவிகாவும் குருபிரசாத்தும் வீட்டுக்கு வந்தார்கள். நீங்கள் சொன்னதைச் சொன்னார்கள். உங்கள் கடிதத்தில் இருந்ததை விட அதிகமாக ஒன்றும் இல்லை, குறைவாகவும் இல்லை. சரி என்று வைத்துக்கொண்டேன். கமர் ஜஹான் அவர்களுக்கு டீ கொடுத்தாள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இன்னும் வரவில்லை. தேடிப் பார்த்தேன், வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். வராமலும் போகலாம், அதற்கும் தயாராக இருங்கள். நாலு வருஷம் ஒரே மேசையில் வேலை பார்த்தோம், அதனால்தான் லேசில் வர மாட்டேன் என்கிறது.

மெஷினை வேலுவிடம் கொடுத்தனுப்புங்கள். மாம்பழம் கூட வைக்க வேண்டாம்.

எழுத்து எவ்வளவு தேறியிருக்கிறது பாருங்கள். நடுவிரல் பாதி மடங்குகிறது.

சேட்டுவுக்கு ஃபோன் செய்தேன். "வா பாய், உனக்குன்னு ஸ்டூலு போட்டு வெச்சுக்கினு கீறேன்" என்றான். இன்று முதல் நாள். காலையில் சட்டைக்கு நானே இஸ்திரி போட்டேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன், கமர் ஜஹான் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். தெருமுனை வந்ததும் கால் தானாக நின்றது. இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா? சாவி பாக்கெட்டில் இருந்தது, வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. கையைப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று கை சொன்னது.

வடபழனி பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

கஃபார்